ரசிகர்கள் கைவிட்ட ஆல்பமா? எந்த ரசிகர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் மேற்கத்திய ராக் இசைக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ் நாளிதழில் லெட் ஜெப்பலின் பெயரைப் பார்ப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் 1970இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்துக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கி, 'சத்தத்தைக் குறைத்து வழி தவறிய ஆல்பம், ரசிகர்களே கைவிட்டார்கள்' என்று கட்டுரையாளர் கதையை முடித்துவிட்டார். எந்த ரசிகர்கள் என்று அவர் சொல்லவில்லை. சேலத்தில் எனக்குத் தெரிந்த ரசிகர்கள் யாரும் அதைக் கைவிடவில்லை. அதை வைத்து அடித்துக்கொண்டார்கள். கைவிட்ட பொருளுக்காக யாராவது கடை வாசலில் நின்று கத்துவார்களா?

நான் 1980களில் அஸ்தம்பட்டியில், ஏற்காடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். ஊருக்கு ஊர் இருந்த தொழில்தான். சட்டம் அதைப் பற்றி என்ன சொன்னது என்பது தனிக் கதை. வாடகையையும் கரண்ட் பில்லையும் கட்டியது இளையராஜா பாட்டுகள். பண்டிகை சமயத்தில் பக்திப் பாடல்களும் கைகொடுக்கும். இங்கிலீஷ் பாட்டுக்கு அலமாரியில் ஒரே ஒரு தட்டு ஒதுக்கியிருந்தேன். அந்தத் தட்டுக்கு வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கடையில் அதிக நேரம் உட்கார்ந்து பேசியவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது ஆல்பம் என் கைக்கு வந்தது ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவர் மூலம். லண்டனில் இருந்த உறவினர் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்த எல்.பி., அதாவது பெரிய இசைத்தட்டு. அவருக்கு நான் கேசட் போட்டுக் கொடுக்க வேண்டும், பதிலுக்கு நான் ஒரு மாஸ்டர், அதாவது மற்றவர்களுக்குப் பதிந்து கொடுக்க ஒரு மூலப் பதிவு, எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த அட்டையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மேல் அட்டையில் வட்ட வட்டமாக ஓட்டைகள். உள்ளே ஒரு காகிதச் சக்கரம். ஓரத்தைப் பிடித்துச் சுற்றினால் ஒவ்வொரு ஓட்டையிலும் படம் மாறும். ஒன்றில் குழுவினர் முகம், ஒன்றில் பட்டாம்பூச்சி, ஒன்றில் விமானம். ஸாக்ரான் என்ற ஓவியர் செய்தது. கிடார் வாசிக்கும் ஜிம்மி பேஜுக்கே அந்த அட்டை பிடிக்கவில்லை, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது மாதிரி இருக்கிறது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கக் கை நீட்டியதால் அதை மேசைக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். எல்.பி. என்றால் இரண்டு பக்கம். இந்த ஆல்பத்தில் முதல் பக்கம் ஏறக்குறைய 21 நிமிடம், இரண்டாம் பக்கம் 22 நிமிடத்தை ஒட்டி வரும். முதல் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார் முழங்கும். இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் மரக் கிடார், மாண்டலின், பேன்ஜோ. ஒரே தட்டில் இரண்டு கடை நடத்தியது போல இருக்கும். ரசிகர்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்தார்கள்.

முதல் பக்கத்துக் கட்சி, மலைமேல் விடுதிப் பள்ளியில் படித்த பையன்கள். வெளியே போக அனுமதி கிடைத்த நாளில் பஸ்ஸில் இறங்கி, சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்துவிடுவார்கள். 'அண்ணா, அந்த ரெண்டாவது சைடு வேண்டாம்ணா. அது தூங்கவைக்கிற பாட்டு. அந்த இடத்துல ரெண்டாவது ஆல்பத்துப் பாட்டெல்லாம் போட்டுடுங்க' என்பார்கள். அவர்கள் கணக்கில் ஆல்பம் என்றால் 'இமிக்ரன்ட் சாங்'. ராபர்ட் பிளான்ட் அடித்தொண்டையிலிருந்து கூவிக்கொண்டு வருவாரே, அந்தப் பாட்டு. 1970 ஜூனில் ஐஸ்லாந்து தலைநகரில் கச்சேரி செய்துவிட்டு வந்த பிறகு உருவானது. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. பையன்கள் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். பக்கத்து மளிகைக் கடைக்காரர் வந்து 'அந்தாளுக்கு என்னப்பா ஆச்சு?' என்று விசாரிப்பார்.

இரண்டாம் பக்கத்துக் கட்சிக்கு அந்த எஸ்டேட் மேனேஜர் ஒருவரே போதும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பியின் மேல் விழுந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ராத்திரிகளில் பேட்டரி டேப் ரெக்கார்டரில் இரண்டாம் பக்கத்தை மட்டும் கேட்பாராம். 'தம்பி, இந்தப் பாட்டுல பாதி கரண்டே இல்லாத வீட்டுல உண்டானது, தெரியுமா?' என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். உண்மைதான். 1970 வசந்த காலத்தில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடித்த களைப்பில், பேஜும் பிளான்டும் வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியில் பிரான்-அர்-ஐர் என்ற சிறிய வீட்டில் போய்த் தங்கினார்கள். பிளான்ட் சிறுவயதில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன வீடு. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரு நாள் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் உட்கார்ந்து பேஜ் கிடார் வாசிக்க, பிளான்ட் பாட, கையோடு கொண்டுபோன டேப் ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டதுதான் 'தட்ஸ் தி வே'. டேப் ரெக்கார்டரை வைத்துப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அந்தச் செய்தியில் தனி சந்தோஷம்.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. எந்தக் கட்சியிலும் சேராதவர். சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், கல்யாணக் கச்சேரி இல்லாத நாளில் என் கடையில்தான் இருப்பார். அவருக்குப் பாட்டு வரிகள் புரியாது, புரிய வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. முதல் பக்கத்தில் 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' என்று ஏழரை நிமிட ப்ளூஸ் பாட்டு ஒன்று வரும். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கழற்றி வைத்துவிட்டு, 'ஏண்ணா, இவ்வளவு பெரிய ஆளு, பெடலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட மாட்டானா?' என்றார். நான் அதுவரை கவனித்ததில்லை. போட்டுக் கேட்டால், ஆமாம், அமைதியான இடங்களில் ஜான் பான்ஹாமின் காலடியில் பெடல் கீச் கீச் என்று கத்துகிறது. உலகம் முழுக்க அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த டிரம்ஸ்காரரைப் பொறுத்தவரை அந்தக் கீச்சுச் சத்தத்துக்காகவே இந்த ஆல்பம் மற்றவற்றைவிட உசத்தி. 'ஆள் உட்கார்ந்து வாசிக்கிறது தெரியுதுண்ணா' என்பார். அதே பாட்டில் பேஸ் கிடார் கிடையாது. ஜான் பால் ஜோன்ஸ் ஹேமண்ட் ஆர்கன் வாசித்துக்கொண்டே பேஸை அதன் கால் பெடலில் சமாளிக்கிறார். அதையும் கண்டுபிடித்துச் சொன்னவர் இவரே.

இரும்பாலையில் வேலை பார்த்த ஒருவரும் வருவார். இரண்டாவது ஆல்பத்தோடு அந்தக் குழு தீர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி. அவரிடம் யாரும் வாதாடுவதில்லை. அவரும் இடம் கொடுக்க மாட்டார்.

இவர்கள் அத்தனை பேரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பதிவு செய்தவன் நான். எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்த ஆல்பத்தை முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று பிரித்ததே தட்டின் அமைப்பு செய்த வேலை. பாட்டுகள் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி இருக்குமே, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு 'கேலோஸ் போல்'. மரக் கிடாரோடு ஆரம்பிக்கும். இதோ மென்மையான பாட்டு என்று நினைத்து லெவலை ஏற்றி வைத்தால் தொலைந்தோம். மாண்டலின் சேரும், பேன்ஜோ சேரும், நடுவில் பான்ஹாம் புகுவார். கடைசி ஒரு நிமிடத்தில் ஊசி சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டு திரும்பாது. முதல் பாதியில் ஊசியைப் பார்த்து லெவல் வைத்தவன் கடைசியில் பதிவைக் கெடுத்துவிடுவான். முடிவைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு லெவல் வைக்க வேண்டும். தூங்கவைக்கிற பக்கம் என்று பையன்கள் ஒதுக்கிய பக்கம் அப்படித்தான் தொடங்குகிறது!

முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இமிக்ரன்ட் சாங்' முடிந்ததும் வருவது 'ஃபிரண்ட்ஸ்'. அது மரக் கிடார் பாட்டு. தந்தி வாத்தியங்கள் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். நம் காதுக்குக் கொஞ்சம் பழகிய வாடை அடிக்கும். பையன்களுக்கு அது பிடிக்காது, 'அதை மட்டும் வெட்டிடுங்கண்ணா' என்பார்கள். வெட்ட முடியாது. அந்தப் பாட்டின் முடிவில் எழும்பும் ரீங்காரம் அப்படியே அடுத்த 'செலிப்ரேஷன் டே'க்குள் நுழைந்துவிடும். காரணம் என்ன தெரியுமா? ஸ்டுடியோவில் யாரோ கைதவறி 'செலிப்ரேஷன் டே'யின் ஆரம்பத்தை அழித்துவிட்டார்கள். அந்த ஓட்டையை மறைக்க முந்தைய பாட்டின் ரீங்காரத்தை இழுத்து ஒட்டுப் போட்டார்கள். ரெக்கார்டிங் தொழிலில் இருந்த யாருக்கும் அந்த நாள் அந்த ஸ்டுடியோவில் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்ய முடியும். ஆக, எலெக்ட்ரிக் பக்கம் என்று சொல்லப்படும் பக்கத்தின் இரண்டாவது பாட்டே மரக் கிடார், மூன்றாவது பாட்டு அதனோடு ஒட்டிப் பிறந்தது. எங்கே கோடு கிழிப்பீர்கள்?

இன்னொன்று சொல்கிறேன், கட்டுரையாளர் மறுக்கட்டும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். இந்த ஆல்பத்தின் ஒரு பக்கத்தைப் பதிந்த பிறகு எட்டு நிமிடத்துக்கு மேல் இடம் மிஞ்சும். மிச்ச இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்பேன். முதல் பக்கத்துக் கட்சிப் பையன்கள் யோசிக்காமல் கேட்பது நான்காவது ஆல்பத்தின் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. சரியாக எட்டு நிமிடம், கேசட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது? மரக் கிடார். அப்புறம் புல்லாங்குழல் மாதிரி ரெக்கார்டர் என்ற குழல். நாலு நிமிடம் தாண்டும்வரை டிரம்ஸே கிடையாது. மூன்றாவது ஆல்பத்தில் மரக் கிடார் வந்தால் தூக்கம், நான்காவதில் வந்தால் காவியமா? இதைப் பையன்களிடம் கேட்டபோது ஒருத்தன், 'அது வேறண்ணா' என்றான். எப்படி வேறு என்று அவனும் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையாளரும் சொல்லவில்லை. மெதுவாகத் தொடங்கி, வாத்தியம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் இடி இறக்கும் அந்த வித்தையை அவர்கள் 'கேலோஸ் போல்' பாட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று.

அது பழைய கதைப்பாட்டு. தூக்குமரத்தடியில் நிற்பவன், கொஞ்சம் பொறு, என் ஆட்கள் வருகிறார்கள் என்று தூக்குப் போடுபவனிடம் கெஞ்சுவான். நண்பர்கள் வெறுங்கையோடு வருவார்கள், அண்ணன் வெள்ளியும் தங்கமும் கொண்டுவருவான், தங்கையும் வருவாள். பழைய வடிவங்கள் பலவற்றில் கடைசியில் உயிர் தப்பும். இவர்கள் பாட்டில் தூக்குப் போடுபவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தூக்கில் போட்டுவிட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில்தான் ஊசி சிவப்பில் நிற்கும். நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பாட்டை விளங்கிக்கொள்ள இங்கிலீஷ்கூடத் தேவையில்லை. பேன்ஜோவை வாசித்தது பேஜ். அதற்கு முன் அவர் அந்த வாத்தியத்தைத் தொட்டதே இல்லையாம், அது ஜோன்ஸுடையது.

'சத்தத்தைக் குறைத்தார்கள்' என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1969இல் வந்த முதல் ஆல்பத்திலேயே 'பிளாக் மவுன்டன் சைட்' என்று ஒரு கிடார் உருப்படி உண்டு. அதில் தபலா வாசித்தவர் விராம் ஜசானி. முதல் ஆல்பத்தில் தபலா வைத்தவர்கள் மூன்றாவது ஆல்பத்தில் மாண்டலின் வைத்தால் அது எப்படி வழி தவறுவது? அன்றைக்கு இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகளிலும் இதே குற்றச்சாட்டுதான், வேறு குழுக்களைப் பார்த்து மரக் கிடாருக்குத் தாவிவிட்டார்கள் என்று. பேஜுக்குக் கோபம் வந்து ரொம்ப நாள் பேட்டியே கொடுக்கவில்லை. 1971 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்துக்கும் பெயர் இல்லை. பெயரைப் பார்த்துப் பேசாதீர்கள், பாட்டைக் கேட்டுப் பேசுங்கள் என்ற வீம்பு அது. எனக்கு அந்த வீம்பு பிடிக்கும்.

விற்பனையைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி. இரண்டாவதும் நான்காவதும் விற்ற அளவுக்கு மூன்றாவது விற்கவில்லை, நிஜம். அமெரிக்காவில் இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு கோடியே 20 லட்சத்துக்குச் சான்றிதழ் என்றால் மூன்றாவதுக்கு 60 லட்சம். ஆனால் வெளியானபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்த ஆல்பம் அது. கைவிடப்பட்டதன் லட்சணமா இது?

ரசிகர்களை விடுங்கள், அதைச் செய்தவர்கள் என்ன நினைத்தார்கள்? 1972இல் பேஜும் பிளான்டும் பம்பாய்க்கு வந்து, நம் ஊர் வாத்தியக்காரர்களை வைத்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒன்று நான்காவது ஆல்பத்தின் 'ஃபோர் ஸ்டிக்ஸ்'. இன்னொன்று, பையன்கள் வெட்டச் சொன்ன அதே 'ஃபிரண்ட்ஸ்'. அந்தப் பதிவு 2015இல்தான் முறையாக வெளிவந்தது. என் அக்கா மகன் போனில் போட்டுக் காட்டினான். பம்பாய் சினிமா இசையில் கேட்டுப் பழகிய மாதிரி வயலின்கள் அதில் குழைந்துகொண்டு வருகின்றன. பான்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்து, குழு கலைந்து, பல வருடம் கழித்து 1994இல் பேஜும் பிளான்டும் மறுபடி சேர்ந்து 'நோ குவார்ட்டர்' என்று ஒரு ஆல்பம் கொடுத்தார்கள். பழைய பாட்டுகளில் எந்தெந்தவற்றை எடுத்தார்கள் என்று பாருங்கள். மூன்றாவது ஆல்பத்திலிருந்து மட்டும் 'ஃபிரண்ட்ஸ்', 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ', 'தட்ஸ் தி வே', 'கேலோஸ் போல்' என்று நாலு. இரண்டு முதல் பக்கம், இரண்டு இரண்டாம் பக்கம். புகழ்பெற்ற நான்காவதிலிருந்து இரண்டுதான், அதிலும் 'ஸ்டேர்வே' கிடையாது. கைவிட்டவர்கள் செய்கிற காரியம் இல்லையே இது.

இதற்காக அந்த ஆல்பத்தில் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. கடைசிப் பாட்டு, 'ஹேட்ஸ் ஆஃப் டு (ராய்) ஹார்ப்பர்', எனக்கு இன்றுவரை சகிக்கவில்லை. பிளான்டின் குரலை நடுங்க வைத்து, கண்ணாடிக் குழாயால் கிடார் தந்தியை வழுக்கி வழுக்கி, நண்பர்கள் சேர்ந்து ராத்திரி விளையாடிய மாதிரி இருக்கும். விளையாட்டு அவர்களுக்கு இனித்திருக்கலாம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் முழு ஆல்பத்தையும் அடக்கிவிடலாம், ஆனால் அந்தக் கேசட்டில் டேப் மெலிசு, கார் ஸ்டீரியோவில் மாட்டிக்கொண்டு குடலை உருவும். சிக்கினால் ஓரத்தில் கடைசியாக இருக்கும் அந்தப் பாட்டு சிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு. பிளான்டின் நாயைப் பற்றிய 'பிரான்-அர்-ஐர் ஸ்டாம்ப்' குதூகலமான பாட்டு, சந்தேகமில்லை. எஸ்டேட் மேனேஜர் அதைக் கேட்டு நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு அவ்வளவு இல்லை. 'டேஞ்சரின்' பற்றிப் பேசினால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.

இப்போது சண்டையே வேறு மாதிரி ஆகிவிட்டது. அக்கா பேத்தி சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறாள். 2017இல் வந்த 'தோர்: ரக்னராக்' படத்தில் 'இமிக்ரன்ட் சாங்'கைப் போட்டார்கள் இல்லையா, அதிலிருந்து அவளுக்கும் சிநேகிதிகளுக்கும் அந்த ஒரு பாட்டு மட்டும் தெரியும். ஆல்பத்தின் பெயரைக் கேட்டால் படத்தின் பெயரைச் சொல்கிறாள். முழுசாகக் கேள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டாள். 'தாத்தா, இதுல "தட்ஸ் தி வே"தான் நல்லா இருக்கு, அந்தக் கத்துற பாட்டு ஏன் முன்னாடி இருக்குன்னு புரியல' என்றாள். அவளுக்குப் பக்கம் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. போனில் பத்துப் பாட்டும் ஒரே வரிசை. தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளி இல்லாததால் அவளுக்குக் கட்சியும் இல்லை. எஸ்டேட் மேனேஜர் கேட்டிருந்தால் அவளைத் தன் ஆள் என்று சொல்லியிருப்பார். எனக்கென்னவோ அவள் சொன்னதிலும் பாதிதான் ஒப்புதல். 'இமிக்ரன்ட் சாங்' முன்னால் நிற்பதால்தான் 'தட்ஸ் தி வே' வரும்போது காது அப்படித் திறந்துகொள்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள்: ரசிகர்கள் சொன்னார்கள் என்று எழுதும்போது, எந்தப் பக்கத்தைக் கேட்டவர்கள் சொன்னார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் அந்த வேல்ஸ் வீட்டில் எழுதப்பட்டது என்று போட்டிருப்பதும் சரியல்ல. 'கேலோஸ் போல்' பழம்பாட்டு என்பதை மேலே சொன்னேன். 'டேஞ்சரின்' அதற்கு முன்பே, பேஜ் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்த காலத்திலேயே உருவானது.

கடைசியாக ஒன்று. கட்டுரைக்கு நடுவில், முதுகில் விறகுக் கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் கிழவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'தோல்வியடைந்த மூன்றாவது ஆல்பத்தின் அட்டை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்காவது ஆல்பத்தின் அட்டை. அமெரிக்காவில் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் சக்கரம் வைத்த அட்டையின் படத்தைப் போடுங்கள். எஸ்டேட் மேனேஜர் கடைசியில் அந்த எல்.பி.யை எனக்கே கொடுத்துவிட்டார். படம் எடுக்க ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.

(பெயரை வெளியிட வேண்டாம். பதிவுக்குக் கேசட் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனவர்கள் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள்.)